பில் செந்தமிழன் பேரில்

மோகனப்ரியா புருஷன் வீட்டிலிருந்து கோவித்துக்கொண்டு வந்தபோது இடுப்பில் பிள்ளை இல்லை, மடியில் சிபியூ இருந்தது. இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டை வரைக்கும் பஸ்ஸில் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்து, ஆட்டோ ஏறி, திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருவில் இறங்கினாள். துணிமணி ஒரே ஒரு கைப்பைதான். நான் அப்போது மாடியில் வடாம் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வடாம் இல்லாவிட்டாலும் அங்கேதான் நின்றிருப்பேன் என்பது வேறு விஷயம்.

தெருவில் எல்லாரும் விசாரித்தோம். அடித்தானா என்றால் இல்லை. குடிக்கிறானா, இல்லை. வேறு பொம்பளை சகவாசமா, அதுவும் இல்லையாம். பிறகு எதற்கு வந்தாள் என்று நாலைந்து நாள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. கடைசியில் அவள் அம்மா அழகிதான் என்னிடம் வந்து சொன்னாள்.

மாப்பிள்ளை செந்தமிழன் இலுப்பூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். கல்யாண வீடுகளுக்குப் போய் வீடியோ எடுப்பான். எடுத்ததை வெட்டி, ஒட்டி, நிறம் ஏற்றி, பாட்டுப் போட்டு, பெண்ணின் அத்தை மூக்கைச் சிந்துகிற இடங்களை எல்லாம் எடுத்துவிட்டு, பார்க்கிற மாதிரி ஆக்குவது மோகனப்ரியா. ஆனால் வருகிறவர்களிடம் அவன் சொல்வது, எடிட்டிங் எல்லாம் சென்னையில் நடக்கிறது என்று. சென்னை என்றால் காசு கூடக் கேட்கலாம், தாமதம் ஆனாலும் சமாளிக்கலாம். நாலு வருஷம் இப்படியே போயிற்று. ஒருநாள் அன்னவாசலில் ஒரு கல்யாணப் பந்தியில் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது, ஒரு அம்மாள் வந்து, போன கல்யாணத்து வீடியோவைப் பாராட்டியிருக்கிறாள். சென்னைக்காரன் வேலை என்றால் சும்மாவா என்று அவள் சொல்ல, இவன் ரசத்தைப் பிசைந்துகொண்டே, "ஆமாக்கா, கெட்டிக்காரப் பையன்" என்றானாம். மறுநாள் காலை பஸ்ஸில் மோகனப்ரியா வந்துவிட்டாள்.

"இதெல்லாம் ஒரு காரணமாங்க?" என்று அழகி என்னைக் கேட்டாள். அதானே என்றேன். அந்த நேரத்தில் அப்படிச் சொல்வதுதான் மரியாதை.

அவள் அப்பா சோலையப்பன் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தத்தை வைத்தே வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று பெயர். மகளுக்கு என்ன கோளாறு என்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. முன்னறை ஜன்னலோரம் கம்ப்யூட்டரை வைக்க இடம் கொடுத்தார், அவ்வளவுதான். வேலை இருக்கிற நாளில் காலை ஒன்பது மணிக்கு அந்தப் பெட்டிக்குள் இருக்கிற காற்றாடி உறுமத் தொடங்கினால் சாயங்காலம் விளக்கேற்றும் வரைக்கும் ஓயாது. தெருவே அதை வைத்து மணி பார்க்கப் பழகிவிட்டது. ஒன்றே முக்கால் வருஷம் அவள் ஊரிலுள்ள இரண்டு மூன்று ஸ்டுடியோக்களுக்கு இப்படி வேலை செய்து கொடுத்தாள். மாதத்தில் பாதி நாள் வேலை இருக்கும், பாதி நாள் இருக்காது.

இந்த வருஷம் சித்திரையில் சோலையப்பன் கெடு வைத்தார். ஆவணிக்குள் நிரந்தரமாக ஒரு வேலை அமையவில்லை என்றால் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய் இலுப்பூரில் விட்டுவிட்டு வருவது என்று. அவள் சரி என்றாள். அவள் மனதில் அன்வர் பாட்சா இருந்தார். கீழ ராஜ வீதியில் முப்பது வருஷமாக ஸ்டுடியோ நடத்துகிறவர். ஹஃப்சா என்று ஒரு பெண்ணின் நிக்காஹ் வீடியோவை அவளிடம் கொடுத்து, மாப்பிள்ளை ஆகஸ்ட் ஏழாம் தேதி துபாய்க்கு விமானம் ஏறுகிறார், அதற்குள் முடித்துக் கொடுத்துவிடும்மா, நன்றாக வந்தால் ஆவணியிலிருந்து என் கடைக்கு வருகிற கல்யாணம் அத்தனையும் உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார். ஆக, அந்த ஒரு வீடியோ முடிந்தால் அவள் இங்கே. முடியாவிட்டால் இலுப்பூர்.

ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது சத்தம் நின்றது. காலை பத்தரை மணி. எனக்கு அடுப்பில் பால் இருந்தும் ஜன்னலுக்கு வந்துவிட்டேன். எதிர்வீட்டில் அவள் கறுத்துப்போன திரைக்கு முன்னால் உட்கார்ந்து, பெட்டியின் பக்கவாட்டை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். சோலையப்பன் வந்து காதை வைத்துக் கேட்டார். பெல்ட் போயிருக்கும் என்றார்.

புது பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பிரவீன்குமார்தான் கழற்றிப் பார்த்தவன். போனது கிராபிக்ஸ் கார்டு என்றான். படத்தை ஓட்டுவதற்கென்றே உள்ளே இருக்கிற கனமான ஒரு சாமான், ஒரு செங்கல் அளவு இருக்கும், இரண்டு காற்றாடி அதிலேயே உண்டு. உறுமினது அதுதான். அது இல்லாமலும் பெட்டி ஓடும், ஆனால் மாப்பிள்ளை ஊர்வலம் ஒரு அடி நகர அரைமணி நேரம் ஆகும் என்றானாம். கார்டின் முதுகில் சரஸ்வதி பூஜைக்குப் பெட்டியைத் திறந்து தூசி துடைத்தபோது அழகி வைத்த குங்குமப் பொட்டு காய்ந்துபோய் இருந்தது. இது என்ன சிவப்பு என்று கம்பெனிக்காரன் கேட்பான் என்று சொல்லி அவனே துடைத்தான்.

நல்ல சேதியும் இருந்தது. மூன்று வருஷம் வாரண்டி. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆடிப் பதினெட்டு அன்றைக்குத் திருச்சியில் ஆடித் தள்ளுபடியில் வாங்கியது. ஆகவே இந்த ஆடிப் பதினெட்டு வரைக்கும் உயிர் இருக்கிறது. கம்பெனியில் பதிந்தால் புதுசே அனுப்பிவிடுவார்கள். அவள் முகத்தில் ரத்தம் திரும்பியது என்று பிரவீன்குமாரே பிறகு என்னிடம் சொன்னான். அவன் கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்து கார்டின் நம்பரை அடித்தான். பெயர் என்ற இடத்தில் செந்தமிழன் என்று வந்தது. போன் நம்பர், செந்தமிழனுடையது. ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் போகும்.

"ஒங்க வீட்டுக்காரர்தானக்கா? ஒரு போனைப் போட்டுக் கேளுங்க. ரெண்டு நிமிச வேலை" என்றான்.

அந்தக் கார்டை வாங்கியது அவள் காசில். கல்யாணத்துக்கு முன்னால் துணி தைத்துச் சேர்த்த சீட்டுப் பணம். கடையில் நின்றது அவள், எண்ணிக் கொடுத்தது அவள். செந்தமிழன் வெளியே நின்று கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தானாம். பில் போடுகிறவன் பெயர் என்ன என்று கேட்டதும் அவள் வாயிலிருந்து வந்தது செந்தமிழன் என்றுதான். யாரும் சொல்லச் சொல்லவில்லை. போன் நம்பர் கேட்டான், அதற்கும் அவன் நம்பர்.

இதை நான் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். ஆனால் எங்கள் தெருவில் எந்த வீட்டில் போய்ப் பார்த்தாலும் இதுதான். கேஸ் அவர் பேரில், கரண்டு அவர் பேரில், கட்டில் பீரோ எல்லாம் அவர் பேரில். என் வீட்டு மிக்ஸி, அவர் செத்து இரண்டு வருஷம் கழித்து நானே போய் வாங்கியது. பேர் என்ன என்று கேட்டபோது அவர் பேரைத்தான் சொன்னேன். வாரண்டிக் கார்டில் இன்றைக்கும் அவர் உயிரோடு இருக்கிறார்.

அவள் முதலில் கம்பெனிக்குப் பேசிப் பார்த்தாள். எங்கிருந்தோ ஒரு பெண் அத்தனை மரியாதையாகப் பேசியது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மன்னிக்கணும் மேடம் என்றது. பில்லில் இருப்பவர்தான் கேட்க வேண்டும், அல்லது அவர் கையெழுத்துப் போட்ட கடிதமும் அவருடைய ஆதார் நகலும் வேண்டும் என்றது. வாங்கினது நான் என்று இவள் சொன்னாள். அதற்கும் மன்னிக்கணும் மேடம்.

பிறகுதான் செந்தமிழனுக்குப் போன் போட்டாள். அன்றைக்கு நான் அழகியிடம் வாங்கிய சல்லடையைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். வாங்கி ஆறு மாதம் ஆகிறது, அன்றைக்குக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. பிரவீன்குமார் அவன் கடையிலிருந்தே செந்தமிழன் போனுக்கு ஓ.டி.பி. போக வைத்துவிட்டான், இவள் போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்திருந்தாள்.

"நம்பர் வந்திருக்கும். ஆறு நம்பரு. அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"வந்திருக்கு" என்றான். "ஒண்ணே முக்கா வருசத்துல நீ பண்ற மொத போனு. நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கேக்கல."

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நம்பரச் சொல்லுங்க. பத்து நிமிசந்தான் அது செல்லும்."

"பத்து நிமிசத்துல பஸ் ஸ்டாண்டுக்கு வந்துரலாம். நேர்ல வந்து வாங்கிக்க" என்று வைத்துவிட்டான்.

அவள் காகிதத்தில் எதுவும் எழுதவில்லை. பேனாவை மூடினாள். நான் சல்லடையை எங்கே வைப்பது என்று அழகியிடம் இரண்டு தடவை கேட்டேன்.

சோலையப்பனுக்கு இது சாமி திறந்துவிட்ட கதவு மாதிரி தெரிந்தது. மறுநாளே சட்டையை மாட்டிக்கொண்டு இலுப்பூருக்குப் போனார். போகும்போது இருந்த நடை வேறு, வரும்போது வந்த நடை வேறு. மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த வாழைப்பழச் சீப்பு ஒன்று கையில். மாப்பிள்ளை தங்கமான மனுஷன், தரமாட்டேன் என்று சொல்லவே இல்லை, நேரில் வந்தால் உட்கார வைத்துப் பதிந்து தருகிறேன் என்கிறார், இதைவிட என்ன வேண்டும் என்றார். யார் பேரில் பில் இருக்கிறதோ அவரைத்தானே கேட்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"காசு என்னுதுப்பா" என்றாள் மோகனப்ரியா.

"காசுல பேரு எழுதியிருக்காத்தா? பில்லுலதான எழுதியிருக்கு" என்றார் அவர்.

வாழைப்பழத்தில் இரண்டு எனக்கு வந்தது. நல்ல பழம்.

ஆடிப் பதினெட்டுக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. அவள் தலையாட்டிவிட்டாள். அழகிக்கு முட்டி வலி, பஸ் ஏற முடியாது. அப்பாவோடு போகமாட்டேன் என்று இவள் சொல்லிவிட்டாள். அதனால் துணைக்கு நான் போனேன். என்னைக் கட்டாயப்படுத்தினார்கள் என்று சொல்ல முடியாது.

கார்டை அட்டைப் பெட்டியில் போட்டு, அதன்மேல் துண்டைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தாள். ஸ்டுடியோ கடைத்தெருவில் இருந்தது. வாசல் போர்டில் பெரிய எழுத்தில் செந்தமிழன் பேர், கீழே சின்ன எழுத்தில், எடிட்டிங்: சென்னை. செந்தமிழன் எழுந்து நின்று வாங்க சித்தி என்று என்னைத்தான் கூப்பிட்டான். டீ சொன்னான். அவளுக்குச் சர்க்கரை கம்மி என்று கடைப் பையனிடம் மறக்காமல் சொல்லிவிட்டான். இந்த மாதிரி ஆளை வைத்துக்கொண்டு எப்படிக் குறை சொல்வது என்று எனக்கே அப்போது தோன்றியது.

கம்ப்யூட்டர் முன்னால் அவனே உட்கார்ந்தான். அவள் பின்னால் நின்றாள். ஓ.டி.பி. வந்தது. அவன் போனை அவள் பக்கம் காட்டவில்லை, தானே பார்த்து ஒவ்வொரு எண்ணாக அடித்தான். பெயர் வந்தது, பில் வந்தது, கார்டு எப்படிக் கெட்டது என்று ஒரு கட்டம் வந்தது. அதில் என்ன எழுத வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். கடைசியில் புதுக் கார்டை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று வந்தது. அதில் ஏற்கனவே இலுப்பூர் முகவரி நின்றது.

"பக்கத்துல பென்சில் மாதிரி ஒண்ணு இருக்கு பாருங்க. அதைத் தொட்டா அட்ரஸ் மாத்தலாம்" என்றாள்.

"இருக்கட்டும். எங்கிட்டு வந்தா என்ன, வீட்டுக்குத்தான வருது" என்று அவன் பொத்தானை அமுக்கிவிட்டான்.

பழைய கார்டைக் கூரியரில் அனுப்ப அவனே வாங்கி வைத்துக்கொண்டான். மேசையின் ஓரத்தில் நாலு ஹார்டு டிஸ்க் அடுக்கியிருந்தது, ஒவ்வொன்றின்மேலும் கல்யாண வீட்டின் பெயரும் தேதியும் எழுதி. பங்குனியில் நடந்த கல்யாணம்கூட இன்னும் முடியாமல் அதில் இருந்தது. சென்னைப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு பேரில் ஒருவராவது சிரித்திருப்பார்கள்.

ஏழு நாளில் கார்டு வந்துவிட்டது. கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. செந்தமிழன் அதைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, ஓட்டியும் பார்த்துவிட்டு மாமனாருக்குப் போன் செய்தான். கார்டு அருமையாக ஓடுகிறது, அதைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் கெட்டுப்போகும், வாரண்டி முடிகிற வரைக்கும் அது தன் பொறுப்பு, கெட்டால் கம்பெனிக்குத் தான்தான் பதில் சொல்ல வேண்டும், அவள் இங்கே வந்து தாராளமாக உட்கார்ந்து வேலை பார்க்கட்டும், யார் வேண்டாம் என்றது என்றான். சோலையப்பன் அதை ஒரு வரி விடாமல் எங்களிடம் ஒப்பித்தார். இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

துபாய் மாப்பிள்ளைக்குப் பத்து நாள்தான் இருந்தது. அவள் ஹார்டு டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸும் எடுத்துக்கொண்டு தினமும் காலை ஏழரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். ராத்திரி ஏழு மணிக்குத் திரும்பிவிடுவாள். ஒருநாள்கூட அங்கே தங்கவில்லை. அங்கே போய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை, பாட்டில் கொண்டுபோகிறாள் என்று அழகி அழுதாள். போகிறாளே என்று நான் சமாதானம் சொன்னேன். போகப் போகச் சரியாகிவிடும் என்றேன். ஆடிப் பதினெட்டுக்கு அங்கேயே தாலிக்கயிறு மாற்றிவிட்டு வரட்டும் என்று அழகி மஞ்சள் கயிறு வாங்கி வைத்தாள். அது இன்றைக்கும் சாமி படத்துக்குக் கீழேதான் இருக்கிறது.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மனு கொடுக்க எனக்குப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ தேவைப்பட்டது. அதற்கு அன்வர் பாட்சா கடைக்குப் போனேன். எங்கள் தெருவிலேயே போட்டோ எடுக்கிற இடம் இருக்கிறது, உண்மைதான். மோகனப்ரியா எப்படி இருக்கிறாள், போனில் பிடிக்க முடியவில்லையே என்று பாய் கேட்டார். நான் சொன்னேன். இலுப்பூர்ப் பக்கமே போய்விட்டாள் பாய், புருஷன் பெண்டாட்டிக்குள் எல்லாம் சரியாகிவிட்டது, உங்கள் வேலையும் அங்கே இருந்துதான் நடக்கிறது என்று. நல்ல சேதியாகத்தான் சொன்னேன். சரியாகிவிட்டது என்று யார் எனக்குச் சொன்னார்கள் என்று பாய் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. அல்ஹம்துலில்லாஹ் என்று அவர் முகமெல்லாம் மலர்ந்து, போட்டோவுக்குக் காசு குறைத்துக்கொண்டார்.

ஆடிப் பதினெட்டு அன்றைக்குச் சாயங்காலம் வேலை முடிந்தது. அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வராமல் நேரே கீழ ராஜ வீதிக்குப் போகிறாள் என்று அழகி சொன்னதும், நானும் காய் வாங்குகிற சாக்கில் அந்தப் பக்கம் போனேன். அன்வர் பாட்சா வீடியோவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் பெண்ணுடைய வாப்பா, பெரிய சத்தமாகப் பேசுகிற மனுஷர், நிக்காஹ் ஏட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கிறார். நாலு நொடி, பாட்டு இல்லை, ஒன்றும் இல்லை, அவர் முதுகு மட்டும். பாய் கண்ணைத் துடைத்தார். எனக்கும் என்னவோ செய்தது. இந்தப் பெண் இதைத்தான் தினம் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தாளா என்று அன்றைக்குத்தான் பார்க்கிறேன். அத்தனை நாளும் நான் பார்த்தது அவள் முதுகை.

"அருமைம்மா. மாஷா அல்லாஹ்" என்றார் பாய்.

"அப்ப ஆவணி வேலை, பாய்?" என்று கேட்டாள்.

"அதான் முந்தாநாளே உன் வீட்டுக்காரர்கிட்டப் பேசி அட்வான்ஸும் குடுத்துட்டேனே. சொல்லலையா அவரு?" என்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலை இறக்கினார். "நீங்க ரெண்டு பேரும் சேந்துட்டீங்கன்னு நம்ம அக்காதாம்மா வந்து சொன்னாங்க. புருசன் பொண்டாட்டி, யார் கையில குடுத்தா என்னன்னு..."

அக்கா என்றது என்னை. மோகனப்ரியா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த ஒரு குழந்தையின் போட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொழுகொழு என்று நல்ல குழந்தை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனதை ஆற்றியிருப்பேன். பாய் நல்லவர், அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கிறேன் என்றுகூட இழுத்தார். எழுதிக் கொடுத்தாயிற்றா என்று அவள் கேட்டாள். ரசீது போட்டாயிற்று என்றார். யார் பேரில் என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் அதே ஏழரை பஸ்ஸில் போனாள். டிபன் பாக்ஸ் இல்லை, சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒன்றும் பழைய துண்டும்தான் பையில். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. சோலையப்பனுக்கு மாப்பிள்ளை போனில் புலம்பியதையும் அழகி சொன்னதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவள் பாட்டுக்குப் போய்ப் பெட்டியின் மூடியைக் கழற்றியிருக்கிறாள். அவன் என்ன பண்ணுகிறாய் என்று பதறி, பில் என் பேரில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போனால் நன்றாக இருக்காது என்றிருக்கிறான். இவள் கார்டை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டே, "வாரண்டி நேத்தோட முடிஞ்சிருச்சு. பில்ல நீங்களே வச்சுக்கங்க" என்றாளாம்.

மாற்றிக் கொடுத்த கார்டுக்குப் புதிதாக மூன்று வருஷம் எல்லாம் கிடையாது, பழசில் மிச்சமிருந்த நாள்தான் என்று அவள் முன்பே விசாரித்து வைத்திருந்திருக்கிறாள். இனி அது கெட்டால் யாரிடமும் போக முடியாது. யாரையும் கேட்கவும் வேண்டாம்.

செந்தமிழன் சும்மா விட்டுவிட்டானே என்று தெருவில் ஆச்சரியப்பட்டார்கள். அவன் ஏன் வழியில் நிற்கப் போகிறான். அன்வர் பாட்சாவின் ஆவணி முழுதும் அவன் கையில் இருக்கிறது. அந்தக் காசில் அவன் ஆள் தேடினான், ஒருவன் கிடைத்தான். கெட்டிக்காரப் பையனாம். இப்போது நிஜமாகவே எடிட்டிங் சென்னையில் நடக்கிறது. போர்டை மாற்ற வேண்டிய செலவுகூட அவனுக்கு இல்லை.

ஆவணி பிறந்துவிட்டது. கெடுவைப் பற்றிச் சோலையப்பன் பேச்செடுக்கவில்லை. இலுப்பூரில் இனி இவளுக்கு வேலை இல்லை என்பது அவருக்கும் தெரியும். பெரியவர்கள் போய்ப் பேசினாலும் என்னத்தைச் சொல்லிச் சேர்ப்பது. திண்டாட்டம் தீர்ந்தது என்று நினைத்தவர், இப்போது தினமும் மத்தியானம் வாசலில் நின்று போகிற வருகிற பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டு கியரைக் குறை சொல்கிறார்.

கம்ப்யூட்டரின் சத்தம் திரும்ப வந்துவிட்டது. பள்ளிக்கூட ஆண்டு விழா, காதுகுத்து, யாருக்கோ போனில் போடுகிற மாதிரி அரை நிமிடத் துண்டுகள், இப்படி ஏதோ வருகிறதாம். அழகி சொல்லித்தான் தெரியும். ஏனென்றால் முன்னறை ஜன்னலுக்கு அவள் உள்பக்கமிருந்து காகிதம் ஒட்டிவிட்டாள், வெயில் திரையில் அடிக்கிறதாம். ஒன்றே முக்கால் வருஷம் அடிக்காத வெயில். நான் ஒருநாள் மறுபடியும் அந்தச் சல்லடையை இரவல் கேட்டுப் போனேன். அழகி எடுத்துக் கொடுத்தாள். உள்ளே காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது, நாற்காலி திரும்பவில்லை.

முன்னெல்லாம் விளக்கேற்றும் வரைக்கும் கேட்கும். இப்போது வருகிற துண்டு வேலைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கே நின்றுவிடுகிறது. நின்ற பிறகு அவள் உள்ளே என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.